இரண்டு பேராசிரியர்களும் போன பிறகு ஒரு கூட்டாய்வு எப்படி நிலைத்து நிற்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

உப்பனாற்றங்கரை (கடலூர்) கேட்டது:

வணக்கம். கடலூரில் ஒரு கல்லூரியில் பதினாறு வருடமாக விலங்கியல் நடத்துகிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆய்வு செய்தவர்களும், அப்படி ஒன்று ஆரம்பித்து நின்றுபோனதைப் பார்த்தவர்களும் பதில் சொன்னால் எனக்குப் பெரிய உதவியாக இருக்கும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பிஎச்.டி. கைடு 1997-ல் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியரோடு சேர்ந்து உப்பனாற்றுக் கழிமுகத்தில் ஒரு வேலையை ஆரம்பித்தார். மாதம் ஒரு நாள், ஏழு இடம். தண்ணீரில் எவ்வளவு உப்பு, எவ்வளவு சூடு, எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது, என்னென்ன மிதவை உயிரிகள் வலையில் விழுகின்றன, இவ்வளவுதான் பார்ப்பார்கள். பெரிய கருவி எதுவும் கிடையாது. உப்பு பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று, தெர்மாமீட்டர் ஒன்று, மெல்லிய கண்ணி வலை, மூடி இறுக்கமான கண்ணாடிப் புட்டிகள். படகு முதுநகர்ப் பெரியவர் ஒருவருடையது. அவர் இப்போதும் இருக்கிறார், எழுபது தாண்டிவிட்டது.

நான் 2003-ல் பிஎச்.டி.க்குச் சேர்ந்தேன். விடியற்காலை ஐந்தரைக்கு சிங்காரத்தோப்புப் பக்கம் போய் நிற்போம். ஆக்சிஜன் பார்க்க விங்க்ளர் முறைதான். புட்டியில் தண்ணீரைக் குமிழி இல்லாமல் நிரப்பி, இரண்டு மருந்தையும் விட்டு, மூடியைச் சாய்த்துப் போட்டுக் குலுக்கினால் பழுப்பாகக் கசடு திரண்டு மெதுவாக அடியில் இறங்கும். ஆக்சிஜன் குறைவான தண்ணீரில் அந்தப் பழுப்பு வராது, வெள்ளையாகவே நிற்கும். அந்த நிறத்தைப் பார்த்தே பெரியவர் "இன்னிக்கு மீனுக்கு மூச்சு முட்டுது" என்பார். லேபில் கணக்குப் போட்டு முடித்தால் அவர் சொன்னதுதான் வரும்.

சுனாமிக்கு எட்டு நாள் முன்னால், 2004 டிசம்பர் 18-ல் கடைசியாகப் போனோம். அதன் பிறகு மூன்று மாதம் நோட்டில் எண் எதுவும் இல்லை. ஒவ்வொரு மாதத்துக்கும் தேதி போட்டு, பக்கத்தில் "படகு இல்லை" என்று மட்டும் கைடு எழுதியிருக்கிறார். அந்த மூன்று வரிகளை நான் இன்று வரைக்கும் நிதானமாகப் படித்ததில்லை. கண் தாண்டிப் போய்விடும்.

அந்த வருடம் எங்கிருந்தெல்லாமோ ஆராய்ச்சிக் குழுக்கள் வந்தன. ஒரு குழு எங்கள் நோட்டுகளை நகல் எடுத்துக்கொண்டு போனது. கட்டுரை வந்ததா என்றுகூடத் தெரியாது. ஜெர்மனிப் பேராசிரியர் மட்டும் அடுத்த மார்ச் மாதம் சொந்தச் செலவில் வந்து, பெரியவர் புதுப் படகு வாங்க ஒரு பங்கு கொடுத்துவிட்டுப் போனார். அதனால்தான் நோட்டு மறுபடி ஓடியது.

இப்போது நிலைமை வேறு. கைடு 2014-ல் ஓய்வு பெற்று, 2021-ல் காலமானார். ஜெர்மனிப் பேராசிரியரும் ஓய்வு பெற்றுவிட்டார். ஒப்பந்தம் 2022-ல் காலாவதி. புதுப்பிக்கச் சொல்லி நான் அனுப்பிய ஃபைல் எந்த மேசையில் கிடக்கிறது என்று தெரியவில்லை. மாதம் ஒரு தடவை போவது நான்கு மாதத்துக்கு ஒரு தடவை ஆகி, என் சம்பளத்தில் டீசல் போடும் நிலைக்கு வந்துவிட்டது.

இந்த வருடம் அந்தப் பல்கலைக்கழகத்தில் அவர் இடத்துக்கு வந்த இளம் பேராசிரியை எனக்கு மின்னஞ்சல் போட்டார். பழைய எண்களை எக்செல்லில் பார்த்தாராம். "ஒரே இடத்தில் டிசம்பரில் 9, ஜனவரியில் 27, பிப்ரவரியில் 14 என்று உப்பு ஏறி இறங்குகிறது. கருவி பழுதாக இருந்திருக்கும். இந்த மாதிரி மதிப்புகளை நீக்கிவிடலாமா?" என்று கேட்டிருந்தார்.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. பீரோவைத் திறந்து அந்த வருட நோட்டை எடுத்தேன். நீலத் துணி அட்டை போட்ட லெட்ஜர். ஒவ்வொரு வரிக்கும் இடது ஓரத்தில், மார்ஜினுக்கு வெளியே, பென்சிலில் ஒரே ஒரு தமிழ் எழுத்து. "ஏ" அல்லது "வ". ஏத்தம், வத்தம். தண்ணீர் எடுத்த நேரத்தில் கடல் ஏறிக்கொண்டிருந்ததா, வற்றிக்கொண்டிருந்ததா என்று பெரியவர் சொல்லச் சொல்ல கைடு குறித்துக்கொண்டது. டிசம்பருக்கு வ. ஜனவரிக்கு ஏ. பிப்ரவரிக்கு வ. கருவியில் ஒரு பழுதும் இல்லை. அங்கே எக்செல்லில் ஏற்றிய மாணவருக்குத் தமிழ் தெரியாது, அதனால் அந்த ஓரத்தை விட்டுவிட்டார். அவர் மேல் தவறு சொல்ல மாட்டேன். எங்களிடம் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இத்தனை வருடத்துத் தண்ணீரின் சூத்திரம் ஒரு பென்சில் எழுத்தில் இருந்திருக்கிறது. அந்த எழுத்துக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் இப்போது நானும் பெரியவரும்தான்.

அந்தப் பேராசிரியை புரிந்துகொண்டார், மன்னிப்பும் கேட்டார். சேர்ந்து புதிதாக நிதிக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறார். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: "தற்போதைய ஆய்வாளர்கள் விலகிய பிறகும் இந்தக் கூட்டுறவு அடுத்த தலைமுறையில் எவ்வாறு தொடரும்?" இரண்டு பக்கத்தில் பதில் எழுத வேண்டும். "ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்" என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒப்பந்தம் இருந்த காலத்திலும் இதை நடத்தியது இரண்டு பேரின் நட்புதான் என்று எனக்குத் தெரியும். நீங்கள் பார்த்ததில் எது நிலைத்து நின்றது, எதனால் நிலைத்தது?

---

வெள்ளைநகர் வாசகர் (புதுச்சேரி) எழுதியது:

அம்மா, நான் அறிவியல் படித்தவன் இல்லை. புதுச்சேரியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் நீங்கள் கேட்பதற்கு என் ஊரிலேயே ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் கடற்கரையை ஒட்டிப் புனித லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1955 மார்ச் 21-ல் தொடங்கப்பட்டது. பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை விட்டுப் போன ஐந்தாவது மாதம் என்பதைக் கவனியுங்கள். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. ஆட்சி போனாலும் ஆராய்ச்சி நிலைத்து நிற்க வேண்டும் என்று இரண்டு அரசும் நினைத்து, 1956-ல் கையெழுத்தான உடன்படிக்கையிலேயே அந்த நிறுவனத்தைப் பற்றி எழுதிவைத்தார்கள். முதல் இயக்குநர் ழான் ஃபில்லியோசா பெரிய அறிஞர்தான். ஆனால் அவர் போனதும் கதவு சாத்தப்படவில்லை. அவருடைய நாற்காலிக்குக் கீழே ஓர் உடன்படிக்கை இருந்தது. உங்கள் கைடுக்கு அப்படி ஒன்று இல்லை.

அதைவிட முக்கியமானது ஓலை. என். ஆர். பட் போன்ற பண்டிதர்கள் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து சைவ ஆகமச் சுவடிகளைச் சேர்த்தார்கள். படி எடுக்கவேண்டியதைப் படி எடுத்தார்கள். புதுச்சேரியில் உள்ள அந்தச் சைவச் சுவடித் தொகுப்பை யுனெஸ்கோ 2005-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஐம்பது ஆண்டு கழித்து! சேர்க்கத் தொடங்கிய நாளில் யாரும் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு சுவடியை நான் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கட்டை அவிழ்த்ததும் எலுமிச்சம்புல் எண்ணெய் வாசம் வரும். ஓலையின் ஓரம் பூச்சி அரித்த இடத்தில் எழுத்து பாதியில் நிற்கும். படி எடுப்பவர் அந்த இடத்தில் ஊகித்து நிரப்பக்கூடாது, இத்தனை எழுத்து போயிற்று என்று இடம் விட்டு எழுதவேண்டும். அடுத்து வருபவனுக்கு வேறு ஓலை கிடைத்தால் அவன் நிரப்பிக்கொள்வான். உங்கள் கைடு "படகு இல்லை" என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்த இடைவெளிதான் ஞாபகம் வந்தது.

இன்னொன்று. தமிழ்ப் பண்டிதர் தி. வே. கோபாலையர் பெயரைக் கேட்டிருப்பீர்கள். தேவாரப் பதிப்பை அவர் பிரெஞ்சு அறிஞர் பிரான்சுவா குரோ அவர்களோடு சேர்ந்து கொண்டுவந்தார். 1984-ல் முதல் தொகுதி. பண்டிதர் பெயர் முன்னுரையின் கடைசி வரியில் நன்றியாக இல்லை, முகப்பிலேயே இருந்தது. அதே நிறுவனத்தில் வி. மு. சுப்பிரமணிய ஐயர் என்பவர் தேவாரம் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்திருந்தார். அச்சேறாமல் பல காலம் கிடந்தது. 2007-ல் அடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் மின் தேவாரமாகக் குறுவட்டில் கொண்டுவந்தபோது அந்த மொழிபெயர்ப்பு வெளிச்சத்துக்கு வந்தது. எழுதியவர் இல்லாத காலத்தில், அவரைப் பார்த்தே இராதவர்கள் கையில். எப்படி முடிந்தது என்றால், தாள்கள் ஒரே இடத்தில் இருந்தன. எங்கே இருக்கின்றன என்று தெரிந்த ஆள் எப்போதும் ஒருவராவது அந்தக் கட்டடத்தில் இருந்தார்.

அரிக்கமேடு அகழாய்வு இதற்கு நேர்மாறு. 1945-ல் வீலர் தோண்டினார், 1947 முதல் 1950 வரை கசால் தோண்டினார், பிறகு விமலா பெக்லி குழு 1989-ல்தான் வந்தது. நடுவே ஏறக்குறைய நாற்பது ஆண்டு. ஆறு கரையை அரித்துக்கொண்டே இருந்தது. அந்த நாற்பது ஆண்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கரையில் மணி பொறுக்கி விளையாடியதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பீரோவில் இருக்கும் லெட்ஜர்களை நாளைக்கே படம் எடுத்து வையுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

---

பலாப்பழத்து ஊர்க்காரன் (பண்ருட்டி, இப்போது ஜெர்மனியில் பிரேமன்) எழுதியது:

அக்கா, உங்க பதிவை லேபிலேயே ரெண்டு தடவை படிச்சேன். நானும் கடல்தான் பண்றேன், இங்க போஸ்ட் டாக், அதாவது பிஎச்.டி.க்கு அப்புறம் பண்ற ஆய்வு வேலை. அந்தப் பக்கத்திலிருந்து இது எப்படித் தெரியும்னு சொல்றேன், ஏன்னா அங்கிருக்கும்போது எனக்கும் தெரியாது.

இங்க ஒரு பேராசிரியர் ஓய்வு பெற்றா, அந்த நாற்காலிக்கு வர்றவர் பெரும்பாலும் வேற துறையைத்தான் கையில் எடுத்துட்டு வருவார். அவருக்குன்னு லேப், அவருக்குன்னு ஆள். பழையவரோட ஃப்ரீசரைக் காலி பண்ணச் சொல்லி ஒரு தேதி குடுப்பாங்க. நான் ஒரு தடவை கூட இருந்து காலி பண்ணியிருக்கேன். ஃபார்மலின் புட்டி வரிசை வரிசையா இருந்தது. உள்ளே போட்டிருந்த பென்சில் சீட்டு நல்லாத்தான் இருந்தது, ஆனா வெளியே ஒட்டின பேனா லேபிள் எல்லாம் அழிஞ்சிருந்தது. எந்த நாடுன்னு தெரியாத புட்டியை எல்லாம் ரசாயனக் கழிவுல போட்டோம். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. யாரோ ஒருத்தர் எங்கேயோ விடியக்காலைல படகுல போய் எடுத்தது அது.

அதனால முதல் காரியம்: அந்தப் பழைய பேராசிரியர் உயிரோட இருக்கும்போதே அவரைக் கேளுங்க, கடலூர்ப் புட்டிகள் எங்கே இருக்குன்னு. அங்கே ஏதாவது அருங்காட்சியகத்துக்குக் குடுத்துட்டாரான்னு கேளுங்க.

ரெண்டாவது, எண்கள். இந்த பிரேமன் ஊர்லயே பங்கேயான்னு ஒரு தரவுக் களஞ்சியம் இருக்கு. ஆல்ஃபிரெட் வேகெனர் நிறுவனமும் பிரேமன் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்துறது. பூமி, கடல் சம்பந்தமான எண்கள் மட்டும். குடுத்தா அவங்களே ஆள் வெச்சு சரிபார்த்து, நிரந்தரமான டிஓஐ எண் குடுப்பாங்க. ஆள் மாறினாலும் அந்த எண் மாறாது. செர்ன் ஆய்வகம் நடத்துற செனோடோன்னு இன்னொரு களஞ்சியமும் இருக்கு, அது இன்னும் சுலபம். எதுல போட்டாலும் ஏ/வ தனிப் பத்தியா வரணும். பத்தித் தலைப்புல தமிழ் எழுத்தையும் அப்படியே வெச்சு, விளக்கத்தைப் பக்கத்துல எழுதுங்க.

திறந்த தரவா போட்டா யாரோ எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு பயம் இருக்கும். சுனாமி சமயத்துல நோட்டை நகல் எடுத்துட்டுப் போனவங்களைப் படிச்சப்புறம் அந்த பயம் நியாயம்னுதான் சொல்வேன். ஆனா உங்க பக்கத்துலயே நடந்ததைப் பாருங்க. பரங்கிப்பேட்டைப் பக்கம் 18 கடலோரக் கிராமங்களை வெச்சு கதிரேசனும் ராஜேந்திரனும் 2005-ல் ஒரு கட்டுரை எழுதினாங்க, அலையாத்திக் காடு இருந்த இடத்துல சுனாமிச் சேதம் குறைவுன்னு. அடுத்த வருஷமே வேற நாட்டு ஆய்வாளர்கள் அதே எண்களைத் திரும்பக் கணக்குப் போட்டு, கடல்லேர்ந்து தூரம், தரை உயரம் ரெண்டையும் சேர்த்தா காட்டோட பங்கு தனியாத் தெரியலன்னு பதில் எழுதினாங்க. யார் சரின்னு இங்க பேச வரல. அந்த வாதம் நடந்ததே எண்கள் வெளியில இருந்ததாலதான். பீரோல இருந்த எண்ணோட யாராலயும் சண்டை போட முடியாது, உதவியும் பண்ண முடியாது.

மூணாவது, இதுதான் எனக்கு முக்கியம். தரவுத் தொகுப்புக்கு ஆசிரியர்னு யார் பேர் போகுதுன்னு பாருங்க. பெரியவர் பேர் இல்லாம போடாதீங்க அக்கா. இப்போ கட்டுரைகள்ல யார் என்ன வேலை செஞ்சாங்கன்னு சொல்ல கிரெடிட்னு பதினாலு வகை வெச்சிருக்காங்க. அதுல 'புலனாய்வு'ன்னு ஒரு வகை இருக்கு, தரவு சேகரிப்பும் அதுக்குள்ளதான் வருது. அவர் அதைத்தான் இத்தனை வருஷமும் பண்ணியிருக்கார்.

---

பழைய பிரிவு அலுவலர் (சிதம்பரம்) எழுதியது:

பல்கலைக்கழக அலுவலகம் ஒன்றில் வெளிநாட்டு ஒப்பந்தங்களைப் பார்க்கும் பிரிவில் பல வருடம் இருந்தேன். தம்பி சொன்னது எல்லாம் நல்லது. ஆனால் மேடம், மாதிரிகளை வெளியே அனுப்புவது பற்றி ஒரு வார்த்தை.

2002-ம் வருட உயிரிப் பன்மைச் சட்டப்படி வெளிநாட்டு ஆளோ அமைப்போ நம் உயிரி வளத்தை ஆய்வுக்கு எடுக்க சென்னையில் உள்ள தேசிய உயிரிப் பன்மை ஆணையத்தின் அனுமதி வேண்டும். மத்திய அரசின் வழிகாட்டுதலுக்கு உட்பட்டு அங்கீகாரம் பெற்ற கூட்டாய்வு என்றால் விலக்கு உண்டு. அந்த விலக்குக்கு ஒப்பந்தம் நடப்பில் இருக்க வேண்டும். உங்களுடையது 2022-ல் முடிந்துவிட்டது என்கிறீர்கள். அதற்குப் பிறகு ஒரு புட்டிகூட அனுப்பியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். தண்ணீரின் உப்பு, சூடு போன்ற எண்கள் வேறு, உயிரி மாதிரி வேறு. இரண்டையும் ஒரே பொட்டலமாக நினைக்க வேண்டாம். வலையில் விழுந்ததை இங்கேயே அடையாளம் பார்க்க வழி பண்ணுங்கள். அதற்கு ஆள் பரங்கிப்பேட்டையிலேயே இருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் நான் பார்த்த பெரிய குறை ஒன்று. எல்லாவற்றிலும் "ஒருங்கிணைப்பாளர்" என்று ஒரு பேராசிரியர் பெயர் போட்டிருப்பார்கள். அவர் ஓய்வு பெற்ற மறுநாள் அந்த ஃபைல் அநாதை. பெயருக்குப் பதில் பதவியைப் போடுங்கள், இரண்டு பேரைப் போடுங்கள். ஒருவர் ஐம்பது வயதுக்கு மேல் என்றால் மற்றவர் முப்பதுகளில் இருக்கட்டும். தரப்புகளில் ஒன்று விலகினால் நோட்டு, மாதிரி, கணினிக் கோப்பு யாரிடம் இருக்கும் என்று ஒரு பத்தி கட்டாயம். அந்தப் பத்தியை யாரும் எழுதுவதில்லை. கல்யாணப் பத்திரிகையில் சாவைப் பற்றி எழுதுவது போலத் தயங்குவார்கள்.

நிதிக்கு: மத்திய அரசின் ஸ்பார்க் திட்டம் 2018-ல் வந்தது, இரண்டு நாட்டு நிறுவனங்களுக்குமானது. ஒரு வேளை உங்கள் கல்லூரி நேரடியாகத் தகுதி பெறாவிட்டாலும், தகுதியுள்ள பல்கலைக்கழகத்தோடு சேர முடியுமா என்று பாருங்கள். உங்கள் ஃபைலை நேரில் போய்த் தேடுங்கள். நீங்கள் போகாமல் அது நகராது.

---

உப்பனாற்றங்கரை (கடலூர்) எழுதியது:

எல்லோருக்கும் என் நன்றி. ஐயா சொன்னபடி முதலில் நோட்டுகளைப் படம் எடுத்தோம். பதினோரு லெட்ஜர். என் இரண்டு மாணவிகள் மாடியில் வெயில் நேராக விழாத இடத்தில் வெள்ளைத் துணி விரித்து, மூன்று நாளில் முடித்தார்கள். "படகு இல்லை" பக்கத்தை அவர்களில் ஒருத்திதான் எடுத்தாள். அவள் பிறந்தது 2005-ல். "மேடம், ஏன் இதில் மட்டும் எழுத்து இவ்வளவு அழுத்தமாக இருக்கு?" என்று கேட்டாள். சொன்னேன்.

ஃபைல் கிடைத்துவிட்டது. இரண்டு கையெழுத்து பாக்கி. பழைய பேராசிரியரிடமும் பேசினேன். புட்டிகளில் ஒரு பகுதியை ஓய்வுக்கு முன்பே ஓர் அருங்காட்சியகத்தில் சேர்த்துவிட்டாராம். மீதி போய்விட்டது. தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்திருந்ததால் அவர் குரல் ஏன் அப்படி இறங்கியது என்று எனக்குப் புரிந்தது.

ஆனால் எழுத வந்தது வேறு. புதிய பேராசிரியை, ஏழு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை கேட்டிருந்தார். நோட்டில் எண் இல்லை, பெயர்தான் இருந்தது. சிங்காரத்தோப்பு, ஐஸ் கம்பெனி, சொத்திக்குப்பம் துறை, ஒத்தப்பனை, இப்படி. சென்ற ஞாயிற்றுக்கிழமை பெரியவரைக் கூட்டிக்கொண்டு, மாணவிகள் இருவரோடு படகில் போனேன். கண் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான், வெயில் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். படகை அவருடைய பேரன் ஓட்டினான்.

இடத்தைப் பிடிக்க அவர் தண்ணீரையே பார்க்கவில்லை. கரையைப் பார்த்தார். லைட்அவுஸும் ஐஸ் கம்பெனித் தண்ணீர்த் தொட்டியும் ஒரே கோட்டில் வரும் வரை பேரனை "இன்னும் போ, இன்னும் போ" என்றார். வந்ததும் வலது கையை மட்டும் உயர்த்தினார். மாணவி போனில் இடத்தைக் குறித்துக்கொண்டாள். அப்படியே ஐந்து இடம் ஆயிற்று. ஒவ்வொரு இடத்திலும் அவர் சொன்ன அடையாளத்தை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்டோம். எண் தொலைந்தாலும் அது இருக்கும்.

ஒத்தப்பனைக்கு வந்ததும் சும்மா உட்கார்ந்துவிட்டார். பனை இல்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயலில் விழுந்தது. அது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நோட்டில் அடுத்த மாதமும் "ஒத்தப்பனை" என்றுதான் இருக்கிறது, அதற்கடுத்த மாதமும் அப்படியே. கைடு பெயரை மாற்றவே இல்லை. பெரியவர்தான் சொன்னார், "பனை போனப்புறம் கட்ட எடம் இல்லாம ஒரு அம்பது பாகம் தள்ளிப் போட்டோம்மா. சார் கேட்டாரு, ஒரே தண்ணிதானேன்னேன்." ஐம்பது பாகம் என்றால் ஏறக்குறைய தொண்ணூறு மீட்டர். கழிமுகத்தில் தொண்ணூறு மீட்டர் சின்ன தூரம் இல்லை. அவர் முகம் வாடிவிட்டது. பதினான்கு வருடமாக அதைத் தப்பு என்றே அவர் நினைத்ததில்லை, யாரும் கேட்டதும் இல்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னதால்தான் அது இப்ப சரியாகுது" என்றேன். அது உண்மையும்கூட. 2012-லிருந்து அந்த இடத்துக்குத் தனிப் பெயர் கொடுத்துப் பிரித்துவிட்டோம்.

விண்ணப்பத்தின் அந்த இரண்டு பக்கத்தில் என்ன எழுதினேன் என்றால்: ஒவ்வொரு வருடமும் ஒரு பயணத்தில் இரண்டு நாட்டு மாணவர்களும் ஒரே படகில் போக வேண்டும், பேராசிரியர்கள் கரையில் நிற்க வேண்டும். நோட்டு இரண்டு மொழியில் இருக்கும், ஓரக் குறிப்பு உட்பட. ஒருங்கிணைப்பாளர் இடத்தில் என் பெயரோடு என் மாணவி ஒருத்தியின் பெயர், அங்கேயும் அப்படியே. பெரியவருக்கும் அவர் பேரனுக்கும் நாள் கூலி என்று இல்லாமல் திட்டத்திலேயே சம்பளம் கேட்டிருக்கிறேன். இது மறுக்கப்படலாம் என்று அந்தப் பேராசிரியையே எச்சரித்தார். அதை விண்ணப்பத்திலிருந்து நீக்க முடியாது என்று பதில் எழுதிவிட்டேன்.

ஒரு உதவி. ஒத்தப்பனை நின்ற இடம் சரியாக எது என்று கரை நிலவரம் மாறியதால் பெரியவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2011-க்கு முன்னால் முதுநகர்த் துறைமுகப் பக்கமிருந்து உப்பனாற்றைப் பார்த்து எடுத்த புகைப்படம் யாரிடமாவது இருக்கிறதா? கல்யாணப் படம், படகு வெள்ளோட்டப் படம், எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. பின்னணியில் தனியாக ஒரு பனை, கொஞ்சம் வடக்கே சாய்ந்து நிற்கும். அதோடு லைட்அவுஸோ தண்ணீர்த் தொட்டியோ ஒரே படத்தில் விழுந்திருந்தால் கோடு போட்டுப் பிடித்துவிடலாம். இங்கேயே போடுங்கள், அல்லது எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அடுத்த பயணம் வருகிற பௌர்ணமிக்கு மறுநாள்.